எந்த மொழியில் தண்ணீர் வரும்

ஆகஸ்ட் 11, திங்கள்

நல்ல தண்ணீர் இன்றும் வரவில்லை. கீழே போய்க் குழாயைத் திருகிப் பார்த்தேன், காற்றுதான் சீறியது. இந்த அபார்ட்மெண்டில் எட்டு வீட்டுக்கும் இந்த ஒரு குழாய். கார்ப்பரேஷன்காரன் பத்து நாளைக்கு ஒரு தரம் விடுகிறான், அதுவும் அவன் இஷ்டத்துக்கு.

இந்துஜா சரியாகச் சாப்பிடவில்லை. என் மகள் சுலோச்சனாவின் பெண். தாராபுரத்தில் இருந்து காலேஜ் படிக்கக் கோயமுத்தூர் வந்தவள், அப்படியே என்னோடு தங்கி, இங்கேயே கம்பெனி வேலையும் வாங்கிவிட்டாள். பெரும்பாலும் வீட்டில் இருந்தே வேலை. சாயங்காலம் கம்பெனிக் கம்ப்யூட்டரை மூடுவாள், சொந்தக் கம்ப்யூட்டரைத் திறப்பாள். அதில் ஒரு விளையாட்டு செய்கிறாள். விளையாடுகிறாள் என்று எழுதவில்லை. செய்கிறாள். இந்த அபார்ட்மெண்டில் எத்தனையோ பிள்ளைகள் நாள் முழுக்க விளையாடுகின்றன. செய்கிறது என் பேத்தி ஒருத்திதான்.

விளையாட்டுக்குப் பெயர் குழாயடி. ஒரு பொம்பளை குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாது. வரிசையில் சண்டை வரும். நிற்பதற்குள் வீட்டில் உள்ள அத்தனையும் நிரப்ப வேண்டும். இதெல்லாம் ஒரு விளையாட்டா, இதைத்தானே நாம் செய்கிறோம் என்று கேட்டேன். அதனாலதாங்க அம்மிச்சி விளையாட்டு என்றாள்.

மூஞ்சி ஏஞ்சாமி இப்படி வாடிக் கிடக்குது என்று கேட்டதற்கு, "மொழி முடிவாக மாட்டேங்குதுங்க" என்றாள்.

"நம்மகிட்டத் தமிழ் இல்லையா?"

சிரித்தாள். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற மொழியாம். ஒன்றிரண்டு இல்லை, நிறைய இருக்கிறதாம். இந்த விளையாட்டை எதில் எழுதுவது என்றுதான் அவளுக்குக் குழப்பம்.

நான் அஞ்சாவது வரைதான். ஆனால் அந்த அஞ்சாவதில் முதல் ஆள் நான். எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றேன். சொன்னாள். புரிந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

பால் கொஞ்சம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அதற்கு இவள் ஓடி வந்து ஜன்னலை எல்லாம் திறந்து, பெரிய கலவரம். ஊரில் யார் வீட்டிலும் பால் பொங்குவதில்லை போல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினாள்.

முதலில் பைத்தானில் எழுதியது. அது பாம்பின் பெயர். குடம் நடந்து குழாய்வரை போகிறது, நிற்கிறது. அப்புறம், போனில் ஓட வேண்டும் என்று ஜாவா ஸ்கிரிப்டில் முதலில் இருந்து எழுதினாளாம். அதிலும் குடம் நடந்து குழாய்வரை போகிறது, நிற்கிறது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று லுவா என்கிற ஒன்றில். குடம் நடந்தது. போயிற்று. நின்றது.

"தண்ணி எங்க கண்ணு?"

"அதுக்குள்ள மொழிய மாத்திட்டேனுங்க."

"மூணு மொழியிலயும் குடம் ஒழுங்காத்தானே நடக்குது?"

"நடக்குதுங்க. ஆனா பைத்தான்ல எழுதறது சுலபம், தண்ணி விட்டா திணறுது. ஒவ்வொரு சொட்டையும் அது கணக்குப் பண்ணணுமல்ல. ஜாவா ஸ்கிரிப்ட்ல..." என்று ஆரம்பித்தாள். அரை மணி நேரம் பேசினாள். பேசும்போது எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், ஃபேனைக் கூட்டினாள், குறைத்தாள். இவள் தாத்தாவும் அப்படித்தான். இந்த வீட்டை வாங்கும் முன்னால் எத்தனை வீட்டைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சமையல்கட்டுவரை போவார், திரும்பி வந்துவிடுவார்.

மூன்று குடத்திலும் எனக்குப் பிடித்தது பைத்தான் குடம். அதைச் சொன்னேன். அதில் பொம்பளை குடத்தை இடுப்பில் வைத்திருக்கிறாள். மற்ற இரண்டிலும் தலையில் வைத்திருக்கிறாள், கழுத்து வலிக்காதா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெங்களூரில் இருந்து பெனிட்டா வந்திருந்தாள். இந்துஜாவோடு காலேஜில் படித்தவள், தூத்துக்குடிப் பெண். வாசலிலேயே, "என்ன பாட்டி, இன்னும் இளமையாத்தான் இருக்கிய" என்றாள். இப்படிப் பேசுகிறவர்களிடம் நான் எச்சரிக்கையாக இருப்பேன். கொழுக்கட்டை செய்து கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள்.

அவளுடைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதில் குடமும் இல்லை, பொம்பளையும் இல்லை. ஒரு குழாய் மட்டும். ஒரு பொத்தானைத் தட்டினாள்.

தண்ணீர் வந்தது.

முதலில் கர்ரென்று காற்று, பிறகு பழுப்பாகக் கொஞ்சம், பிறகு தெளிந்து நூல் மாதிரி, பிறகு கொட்டு கொட்டென்று. தரையில் தெறித்தது. பள்ளம் பார்த்து ஓடியது. நான் காலை இழுத்துக்கொண்டேன். அதைப் பார்த்து இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

"இது எந்த மொழி?"

"ரஸ்ட் பாட்டி. துருன்னு அர்த்தம்."

"துருப்பிடிச்ச குழாய்லதான் தண்ணி வரும்கிற?"

ரஸ்ட் கண்டிப்பான மொழியாம். எழுதினதில் ஒரு தப்பு இருந்தாலும் ஓடவே விடாதாம், திருத்திக்கொண்டு வா என்று நிற்குமாம். "இந்துவுக்கு இது தெரியாது. ஆனா எம் பக்கத்துல உக்காந்தா நான் சொல்லிக் குடுத்துருவேன். போன்ல சொல்லிக் குடுக்கறதெல்லாம் ஆவாது பாட்டி. ஒரே மேஜைல உக்காந்து, ஒருத்தி எழுத ஒருத்தி பாக்க, அப்படித்தான் முடியும்."

இந்துஜாவின் கம்பெனிக்குப் பெங்களூரிலும் ஆபீஸ் இருக்கிறது. மாற்றிக் கேட்டால் கொடுக்கிறார்களாம். செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். பெனிட்டா வீட்டில் ஒரு ரூம் காலியாக இருக்கிறது. இவ்வளவும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள். நான் கொழுக்கட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆக, ரஸ்ட் என்றால் பெங்களூர். பைத்தான் என்றால் இந்தச் சாப்பாட்டு மேஜை.

இந்துஜா அவளிடம், "இன்னும் மொழி முடிவு பண்ணலடீ" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பைத்தான் நல்ல மொழி என்று இன்று எடுத்துச் சொன்னேன். தண்ணீர் திணறினால் திணறட்டும். நம் குழாயில் மட்டும் திணறாமலா வருகிறது? பார்க்கிறவர்கள் இதுதான் நிஜம் என்பார்கள். இந்துஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்றதும் சரிதானுங்க அம்மிச்சி" என்றாள். ராத்திரிக்கு அவளுக்குப் பிடித்த அரிசியும் பருப்பும் சோறு.

அவள் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. அவள் தாத்தா போன பிறகு நான் தனியாக இருந்தவள்தான். சுலோச்சனா கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள், மருமகன் வீட்டில் போய் உட்கார நான் ஆள் இல்லை. அந்தப் பெண் பெங்களூர் குளிரில் கஷ்டப்படுமே என்றுதான்.

செப்டம்பர் 3, புதன்

பாத்ரூம் கதவு முழங்கையில் இடித்துவிட்டது. லேசாகக் கன்றியிருக்கிறது. இடித்தது கதவுதான். நான் தரையில் இருந்ததைப் பார்த்து அவளாக எதையாவது கற்பனை செய்துகொண்டால் நான் என்ன செய்வது? கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒத்தடம் கொடுத்தாள்.

தண்ணீர் வந்தது. நான் குடத்தை எடுப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு மாடி, அத்தனை குடமும் அவளே. எதிர்வீட்டுத் துளசிமணி படிக்கட்டில் நின்றுகொண்டு, "பேத்தி இருக்கறவரைக்கும் உங்களுக்கு என்னங்க்கா குறை" என்றாள். இருக்கிற வரைக்கும் என்று இவளை யார் சொல்லச் சொன்னது?

செப்டம்பர் 4, வியாழன்

கை வலி இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஒரு வாரமாக வீடு வீடாகவே இல்லை. ஒரு நாள் ரஸ்ட் புத்தகம் படிக்கிறாள், மறுநாள் பைத்தானைத் திறக்கிறாள். நேற்று ஜாவா ஸ்கிரிப்டே மேல் என்றாள். காப்பி ஆறிப் போகிறது. நானும் உட்கார முடியாமல் அவள் பின்னாலேயே நடக்கிறேன். துடைத்த இடத்தையே துடைக்கிறேன்.

இன்று கம்ப்யூட்டரையே கேட்டுவிடுகிறேன் என்று தாயம் உருட்டுகிற மாதிரி ஒன்று எழுதினாள். தட்டினால் ஏதாவது ஒரு மொழியின் பெயர் வரும். தட்டினாள். ரஸ்ட் என்று வந்தது. "சும்மா, சோதனைக்கு" என்று மறுபடி தட்டினாள். மறுபடியும் ரஸ்ட். மறுபடி தட்டினாள். பைத்தான். உடனே, "இது சரியில்லைங்க" என்று மூடிவிட்டாள்.

"வந்ததையே மாத்தி மாத்திக் கேட்டா அதுக்குப் பேரு கேள்வியா?" என்றேன். "மாகாளியம்மன் கோவில்ல பூப்போட்டுப் பாத்திரலாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடில போட்டு ஒண்ண எடுக்கறது. ஒரு தரம் கேட்டா அதோட முடிஞ்சது. ரெண்டாந்தரம் கேக்கக் கூடாது. உங்க அம்மா கல்யாணத்துக்கும் அங்கதான் கேட்டோம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பொட்டலத்த யாருங்க கட்டுவாங்க?"

"நாந்தான் கட்டுவேன். வேற யாரு?"

"சரிங்க. வெள்ளை வந்தா பைத்தான், இங்கயே இருக்கறேன். சிவப்பு வந்தா ரஸ்ட்."

அடுத்த மாதம் புரட்டாசி. இரண்டாவது வெள்ளி கூட்டமாக இருக்கும், ஆனாலும் நல்ல நாள். 26 என்று வைத்துக்கொண்டோம்.

செப்டம்பர் 15, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். மாகாளியம்மனுக்குப் பெங்களூர் தெரியும், ரஸ்ட் தெரியுமா? பைத்தான் தெரியுமா? தெரியாத விஷயத்தைக் கொண்டுபோய் அம்மனிடம் கொட்டிக் குழப்புவது பாவம். பொட்டலம் இரண்டிலும் வெள்ளையே இருந்துவிட்டால் அவளுக்கும் சிரமம் இல்லை, பிள்ளைக்கும் நிம்மதி. போன மாதத்தில் இருந்து ஒரு முடிவு வேண்டும் என்றுதானே கேட்கிறாள்? முடிவு கிடைக்கும்.

காம்பவுண்டு ஓரத்து நந்தியாவட்டை நன்றாகப் பூக்கிறது. வெளியில் வாங்க வேண்டியதில்லை.

இன்று நன்றாகத் தூங்க வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

புளி உலர்த்தினேன். மழை வந்து எடுத்தேன். மறுபடி உலர்த்தினேன். மறுபடி மழை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் துணி எடுக்கப் போனேன். பால்கனிக் கதவு ஒருக்களித்திருந்தது. இந்துஜா போனில் பேசிக்கொண்டிருந்தாள், பெனிட்டாவோடு. நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. துணி அங்கே காய்ந்தது.

"எனக்கு ரஸ்டே போதும்டீ. போன மாசம் உன் தண்ணியப் பாத்தன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். மொழில எனக்கு ஒரு குழப்பமும் இல்ல... இல்லடீ, சொல்ல முடியாது. சொன்னா, போ போன்னு தள்ளிவிடும் அது. தள்ளிவிட்டுட்டு, ரெண்டு மாடி குடம் தூக்கும். ரெண்டு தரம் கேஸ் அடுப்பு அணைஞ்சு ஓடிட்டே இருந்துச்சு. பாத்ரூம்ல விழுந்து, எந்திரிக்க முடியாம உக்காந்திருந்துச்சு, கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லுது. அதான், மொழி முடிவாகல, முடிவாகலன்னு ஓட்டிட்டு இருக்கறேன். கோவில்ல பூப்போடலாம்னு சொல்லுச்சு, சரின்னேன். ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெக்கும். வெக்கட்டும். அம்மனே சொல்லிருச்சுன்னு நானும் விட்ருவேன். எனக்கும் ஒரு சாக்கு வேணுமல்ல... அழலடீ. சளி."

துணியை எடுக்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். ஏனுங்க அம்மிச்சி மழை வருதுன்னு சொல்லக் கூடாதா என்றாள். மறந்துட்டேன் என்றேன். மறந்துட்டேன் என்றதும் அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அது என்கிறாள் என்னை. பிரியத்தில் சொல்வதுதான், தெரியும்.

நான் இவளுக்குத் துணை என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலுக்கு வந்தவளிடம், இஸ்திரிக்காரனிடம், சுலோச்சனாவிடம். சின்னப் பிள்ளை, தனியாக விட முடியாது, அதனால்தான் நான் எங்கேயும் போவதில்லை என்று.

செப்டம்பர் 22, திங்கள்

பாத்ரூமுக்கு ரப்பர் பாய் வாங்கினேன். பச்சை நிறம், பார்க்க அழகாக இருந்தது, அதனால் வாங்கினேன். பிளம்பரைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு கைப்பிடியும் வைக்கச் சொன்னேன். துண்டு போட வசதியாக இருக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அடுப்பு அணைந்தால் கேஸ் தானாக நின்றுவிடுகிற அடுப்பு ஒன்று கடையில் இருக்கிறதாம். பழைய அடுப்பு எனக்கு அலுத்துவிட்டது. கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

இந்துஜா, "இப்ப எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள். தீபாவளி வருதல்ல என்றேன்.

செப்டம்பர் 24, புதன்

துளசிமணி வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்குள் நான் போனது அவள் மகன் கல்யாணத்துக்கு ஒரு தரம்தான். உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, சோபாவில் உட்கார வைத்து, என்னங்க்கா அதிசயமா இருக்குது என்றாள்.

வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தேன். "சும்மா, ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்" என்றேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் எதுவும் கேட்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. சாவியை வாங்கிச் சாமி படத்துப் பக்கம் மாட்டினாள். "காலைல கோலம் போடும்போது ஒரு குரல் குடுக்கறனுங்க்கா. நீங்களும் ஒரு சத்தம் குடுங்க. சத்தம் வரலைன்னா தெறந்துட்டு வந்துருவேன், அப்பறம் திட்டக் கூடாது." தண்ணீர் விடுகிற அன்று அவள் வீட்டு வேலைக்காரப் பெண் எனக்கும் சேர்த்துத் தூக்குவாளாம். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். சரி என்றேன்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டேன். அவள் வீட்டுக் காப்பியில் சிக்கரி அதிகம்.

செப்டம்பர் 25, வியாழன்

கோவில் தெருப் பூக்காரியிடம் செவ்வரளி வாங்கினேன். சாயங்காலம் பொட்டலம் கட்டினேன். வாழை இலையில் மடித்து, நாரால் சுற்றி, ஒன்றுபோல இரண்டு. இந்துஜா எட்டிப் பார்க்க வந்தாள், பூப்போடுகிறவள் பொட்டலம் கட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தினேன்.

நந்தியாவட்டை மரம் இந்த வாரம் அப்படிப் பூத்திருக்கிறது. வெள்ளையாகச் சொரிந்து கிடக்கிறது. பறிக்க ஆள் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கோவிலில் கூட்டம். மஞ்சள் புடவைக்காரிகள் இடித்துத் தள்ளினார்கள். இந்துஜா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் விடுவித்துக்கொண்டேன், அவள் மறுபடி பிடித்தாள்.

பூசாரியிடம் பொட்டலங்களைக் கொடுத்தேன். அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, "நெனச்சதை நெனச்சுட்டு ஒண்ணை எடு அம்மிணி" என்றார். இந்துஜா யோசிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கூட நிற்கவில்லை. கறிகாய்க் கூடையில் இருந்து தக்காளியை எடுக்கிற மாதிரி கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்தாள். என்ன வரும் என்று தெரிந்தவள் மாதிரி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாரை அவிழ்த்தாள்.

சிவப்பு.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தாள். உதறிப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெண், இதுவரை யாரும் அந்தக் கோவிலில் செய்யாத காரியம் ஒன்று செய்தாள். அம்மன் காலடியில் இருந்த இன்னொரு பொட்டலத்தையும் கேட்டு வாங்கினாள். பூசாரி, "அதைப் பிரிக்கக் கூடாதும்மா" என்றார். அவள் பிரித்துவிட்டாள்.

அதிலும் செவ்வரளி.

பூசாரி என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன்.

"அந்தப் பூக்காரி குடுத்ததுதான்" என்றேன். "கூட்டத்துல எதையோ மாத்திக் குடுத்துட்டா போலிருக்குது. கண்ணு தெரியறதில்ல அவளுக்கு."

"ரெண்டுலயும் செவப்புங்க அம்மிச்சி."

"தெரியுது."

"அப்ப இது செல்லாதுங்க."

"ஏன் செல்லாது? ஒண்ணுல வந்தா, சாமி சொல்லுதுன்னு அர்த்தம். ரெண்டுலயும் வந்தா, கண்டிப்பாச் சொல்லுதுன்னு அர்த்தம். ஒரு தரம் கேட்டா கேட்டதுதான். உன் கம்ப்யூட்டர்த் தாயம் இல்ல இது."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். வெளியே வந்து செருப்புப் போடுகிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். கையில் அந்த இரண்டு பூவும். அழுதாளோ என்னவோ, நான் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"துணி எடுக்க வந்தீங்கதானே அன்னைக்கு" என்றாள்.

"எந்தத் துணி? பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வீடு வரும்வரை என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். கனமாகத்தான் இருந்தது. தள்ளவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அரிவாள்மணை, கத்தரிக்கோல், புது அடுப்பு, இந்துஜாவின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். எழுத்து இருக்கிற இடத்தில் வைக்காதீங்க என்று பதறினாள். மூடியின் மேல்தான் வைத்தேன். கம்பெனிக்கு நேற்றே பதில் அனுப்பிவிட்டாளாம். சுலோச்சனா போனில் ஒரு பாட்டம் அழுதாள், ஒரு பாட்டம் என்னைத் திட்டினாள். பூப்போட்டுப் பார்த்தது என்றதும் அடங்கிவிட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை ரயிலுக்குப் போனாள். பருப்புப் பொடி, நெய், ஊறுகாய், ஒரு போர்வை. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றாள், போனேன். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலில் இருந்து, "பாய் மேல நின்னு குளிங்க! கைப்பிடியப் பிடிங்க!" என்று கத்தினாள். பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. மானம் போயிற்று.

வந்து பார்த்தால் மேஜை காலி. இத்தனை பெரிய மேஜை என்று இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 6, திங்கள்

துளசிமணி குரல் கொடுத்தாள். நானும் கொடுத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தண்ணீர் வந்தது. துளசிமணி வீட்டு வேலைக்காரப் பெண் தூக்கிக் கொடுத்தாள். ஒரு குடம் மட்டும், சின்னது, நானே தூக்கினேன். யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 30, வியாழன்

தீபாவளிக்கு வந்து நேற்றுப் போனாள். இளைத்திருக்கிறாள். ரஸ்ட் தன்னைத் தினமும் திட்டுகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு வரி எழுதினால் ஒன்பது தப்பு காட்டுமாம். "ஆனா திட்டறதுல ஒரு நியாயம் இருக்குதுங்க. எங்க தப்பு, ஏன் தப்பு, எப்படித் திருத்தறதுன்னு அதுவே சொல்லுது. பாசத்துல மூடி மறைக்கறதில்ல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முறுக்கை டப்பாவில் போட்டேன்.

நவம்பர் 19, புதன்

வீட்டில் எதையோ தேடுகிறேன், எதை என்று தெரியவில்லை. அலமாரியை இரண்டு தரம் அடுக்கினேன். சாயங்காலம் துளசிமணியோடு சீரியல் பார்த்தேன். அவளுக்குக் கதையே புரிவதில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

விளையாட்டு வந்துவிட்டது! என் போனுக்கே அனுப்பினாள். இன்னும் வெளியில் யாருக்கும் கொடுக்கவில்லையாம், நான்தான் முதல் ஆள். துளசிமணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் திறந்தேன். இது என் பேத்தி செய்தது என்று அவளுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். பத்து தரம் சொல்லியாச்சுங்க்கா என்றாள்.

குடம் நடந்தது. இடுப்பில்தான் இருக்கிறது. குழாய்வரை போயிற்று. நின்றது. கர்ரென்று காற்று. பழுப்பாகக் கொஞ்சம். அப்புறம் வந்தது பார், அப்படி ஒரு தண்ணீர். துளசிமணி, "ஐயோ, குடத்த வைங்க, குடத்த வைங்க" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். வைப்பதற்குள் நின்றுவிட்டது. நான் தோற்றுவிட்டேன்.

மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தரம்தான் சரியாகப் பார்த்தேன். தொடங்குவதற்கு முன்னால் ஒரு கோவில் வருகிறது. அம்மன் காலடியில் வாழை இலைப் பொட்டலம் இரண்டு. ஒன்றைத் தொட வேண்டும். தொட்டால் பிரிகிறது. வெள்ளை வந்தால் இன்றைக்குத் தண்ணீர் அதிக நேரம், சிவப்பு வந்தால் குடம் கனக்காது என்று கீழே எழுதியிருக்கிறது. இடது பக்கத்தைத் தொட்டேன். சிவப்பு. அடுத்த ஆட்டத்தில் வலது பக்கம். சிவப்பு. துளசிமணியைத் தொடச் சொன்னேன். அவளுக்கும் சிவப்பு. சாயங்காலம்வரை தொட்டுப் பார்த்தேன். வெள்ளை வரவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"உன் விளையாட்டுல ஒரு தப்பு இருக்குது அம்மிணி. ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்பே வருது. அந்தக் கண்டிப்பான மொழி இத எப்படி விட்டுச்சு?"

பெனிட்டா பின்னால் எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"தப்பில்லைங்க அம்மிச்சி. அதே பூக்காரிதானுங்க கட்டினா."

ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். தீர்ந்துவிட்டதாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே குழாய் கர்ரென்கிறது. போனில் இல்லை, நிஜக் குழாய். துளசிமணி படிக்கட்டில் இருந்து கூப்பிடுகிறாள்.

எழுதினது போதும். சின்னக் குடம் எங்கே வைத்தேன்?